கோத்திக் கட்டடமும் தமிழ்க் கோயிலும்: சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்க் கத்தோலிக்கர் தம் வழிபாட்டிடத்தைக் ‘கோயில்’ என்றே வழங்கி வந்துள்ளனர். ‘மாதா கோயில்’ என்னும் தொடர் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலேசியாவிலும் ஒருங்கே வழங்குவது. ஆயினும், அச்சொல்லால் சுட்டப்பெறும் கட்டடம் பெரும்பாலும் ஐரோப்பியப் பாணியில் எழுந்தது. பெயர் தமிழாகவும் உருவம் அயலாகவும் அமைந்த இந்நிலையை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்குச் சான்றாகச் சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. ஜொகூர் மாநிலத்தின் பண்டார் தெங்காரா, செம்பனைத் தோட்டங்களின் நடுவே 1970களின் நில மேம்பாட்டுத் திட்டங்களால் உருப்பெற்ற நகரம். இத்தகைய புதுக்குடியிருப்புகளிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உள்ள சிற்றாலயங்கள் கலை வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவற்றைப் படித்தறிவதற்கு ஒரு முன்மாதிரி தேவை. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் 1972இல் அமையும் வரை ஜொகூர்க் கத்தோலிக்கர் சிங்கப்பூரோடு ஒரே மறைமாநிலத்தில் இருந்தமையால், அம்முன்மாதிரியைச் சிங்கப்பூரில் தேடுவது பொருந்தும்.

கட்டட அமைப்பு

ஓபிர் சாலையில் உள்ள இவ்வாலயம் 1886 முதல் 1888 வரை கட்டப்பெற்றது. அதற்குமுன் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர் குவீன் தெருவிலுள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரோடு சேர்ந்து வழிபட்டனர். பாரிஸ் அயல்மறைப்பணிச் சபையைச் சேர்ந்த மெனெவ்ரியே அடிகளாரின் முயற்சியால் தமிழருக்கெனத் தனி ஆலயம் எழுந்தது. 2005இல் சிங்கப்பூர் அரசு இதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

பிரான்சு நாட்டு லூர்து நகரின் பேராலயத்தைத் தழுவிய கோத்திக் மறுமலர்ச்சிப் பாணி இதனுடையது. முகப்பின் நடுவே உயர்ந்தெழும் கூர்ங்கோபுரமும் கூர்முனை வளைவுகளும் இப்பாணியின் அடையாளங்கள். அரைவட்ட வளைவைவிடக் கூர்முனை வளைவு மேற்கூரையின் பாரத்தைச் செங்குத்தாகக் கீழிறக்கும். பக்கச் சுவரின்மீதான தள்ளுவிசை குறையும். எனவே சுவரில் உயர்ந்த சாளரங்கள் அமைக்க இடம் கிடைக்கிறது, ஒளி உட்புகுகிறது.

இங்குத்தான் தமிழ்க் கோயிற்கலையோடு அடிப்படை வேறுபாடு புலப்படுகிறது. சைவ, வைணவக் கோயிலில் கருவறை சிறியது, இருள் சூழ்ந்தது. அடியார் அதனை வலம் வருவர். கத்தோலிக்க ஆலயமோ கூடியிருக்கும் மக்களுக்கான மண்டபம். அனைவரும் ஒரே திசையில் பீடத்தை நோக்குவர். முன்னது சுற்றி வருவதற்கான வெளி. பின்னது கூடி நிற்பதற்கான வெளி.

திருவுருவங்கள்

லூர்து அன்னையின் உருவமைதி 1858இல் பெர்னதெத் என்னும் சிறுமி கண்டதாகக் கூறிய காட்சிகளை அடிப்படையாகக் கொண்டது. வெண்ணிற ஆடை, நீல இடைக்கச்சை, கையில் செபமாலை, பாதங்களில் பொன்னிற ரோசாக்கள், பின்னணியில் பாறைக்குகை ஆகியன அதன் கூறுகள். அக்குகையைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘கெபி’ என்பர்.

கைகளைக் கூப்பிய நிலை நம் கவனத்திற்குரியது. தமிழ்ச் சிற்ப மரபில் தெய்வ உருவங்கள் பெரும்பாலும் அபயமும் வரதமும் காட்டும். கூப்பிய கையினர் நாயன்மார் முதலான அடியவரே. அம்மரபில் பழகிய கண்ணுக்கு லூர்து அன்னை வழிபடப்பெறும் தெய்வமாக அன்றி, வேண்டி நிற்கும் அடியவராகவே தோன்றுவார். மரியாள் கடவுளல்லர், மனிதருக்காகப் பரிந்து பேசுபவர் என்னும் கத்தோலிக்கக் கோட்பாட்டோடு இவ்வாசிப்பு இசைவது வியப்பிற்குரியது.

சொல்லும் சடங்கும்

கட்டடத்தில் காணப்படாத தமிழ்மை வேறிரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. முதலாவது, சொல். பீடம், சுரூபம், சப்பரம், கொடிமரம், நேர்ச்சை ஆகிய சொற்கள் அயல் உருவங்களைத் தமிழ்ச் சமய வழக்கிற்குள் கொணர்ந்தன. இலத்தீன் வழிபாட்டை முன்னோர் ‘பூசை’ என்றனர். இன்று அது ‘திருப்பலி’. ‘ஞானஸ்நானம்’ ‘திருமுழுக்கு’ ஆயிற்று. பெயரிடும் இம்மரபு பழமையானது. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்தின் அன்னைக்குப் ‘பெரியநாயகி’ என்று பெயர். சிவன் கோயில் அம்மனுக்கும் வழங்கும் பெயர் அது.

இரண்டாவது, இயக்கம். தமிழ்க் கத்தோலிக்கத் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்கி, நவநாள் செபங்களால் வளர்ந்து, தேர்ப்பவனியில் நிறைவுறும். ஆலயத்தினுள் இல்லாத வலம்வருதல் ஆலயத்திற்கு வெளியே நிகழ்கிறது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் திருக்குளமும் சேர்ந்துகொண்டது. கட்டடம் ஐரோப்பியருடையதாயினும், அதனைச் சூழ்ந்த வெளியைத் தமிழர் தமதாக்கிக்கொண்டனர் எனலாம்.

பிற்கால மாற்றங்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டிற்கு வழிவகுத்தது. அதனைத் தொடர்ந்த சீர்திருத்தத்தால் குரு மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றும் வகையில் பீடங்கள் மாற்றியமைக்கப்பட்டன. வட்டாரக் கலை மரபுகளும் இடம்பெறலாயின. புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் 2002இல் எழுந்த புதிய ஆலயம் மினாங்கபாவ் பாணியில் வளைந்துயர்ந்த கூரையைக் கொண்டது. மலாய்த் தீவக உருவம் கொண்ட அவ்வாலயத்தில் பல மொழியினரும் வழிபடுகின்றனர். லூர்து அன்னை ஆலயமும் இன்று எல்லா இனத்தவருக்கும் உரிய பங்காக இருப்பினும், அங்குத் தமிழ்த் திருப்பலி தொடர்கிறது.

முடிவுரை

கட்டடத்தை மட்டும் நோக்கின் லூர்து அன்னை ஆலயம் பிரெஞ்சுக் கலையின் பிரதி. சொல்லையும் சடங்கையும் சேர்த்து நோக்கின் அது தமிழ்க் கோயில். இம்முடிவு தோட்டப்புறச் சிற்றாலயங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஓர் ஆலயத்தில் கட்டடக்கலை என்று சுட்டத்தக்கது சிறிதே. ஆனால் சுரூபம், சப்பரம், உபதேசியார் கற்பித்த பழைய செபச் சொற்கள் ஆகியன அங்கும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, பலகைச் சுவரைவிட விரைவாக மறையக்கூடியவை இச்சொற்களே. ‘பூசை’ என்று சொல்லி வளர்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவரவர் வட்டாரத்து வழிபாட்டுச் சொற்களையும், சுரூபங்களின் உருவமைதியையும், பவனி செல்லும் பாதையையும் பதிவு செய்வாராயின், பண்டார் தெங்காரா போன்ற ஊர்களின் சமயக்கலை வரலாற்றை எழுதுவதற்கு அவையே முதற்சான்றுகளாகும்.