பாலம் தாழ்ந்ததா, பொறுப்பு தாழ்ந்ததா?

"மாடி பஸ் பாலத்தில் மோதியது! கூரை பெயர்ந்தது! டிரைவர்மீது விசாரணை!"

பிரிட்டனிலிருந்து இப்படியொரு செய்தி அவ்வப்போது வந்து சேருகிறது. மூன்று வரிச் செய்தி. முதல் இரண்டு வரிகள் கல்லையும் இரும்பையும் பற்றியவை. மூன்றாவது வரி மனிதனைப் பற்றியது. அந்த மனிதன் எப்போதும் வண்டியை ஓட்டியவனாகவே இருக்கிறான். எந்தச் சாலையில் எந்தப் பஸ்ஸை ஓட்டவேண்டும் என்று மேஜைமுன் அமர்ந்து முடிவுசெய்தவருக்கு அந்தச் செய்தியில் இடமே கிடைப்பதில்லை. அது ஏன்?

2025 ஜூலை 21 அன்று மான்செஸ்டரை அடுத்த எக்கிள்ஸ் என்னும் ஊரில், பார்ட்டன் சாலையின் குறுக்கே கால்வாயைத் தாங்கி நிற்கும் தாழ்ந்த பாலத்தில் ஒரு மாடி பஸ் மோதிற்று. மேல்தளத்தின் கூரை பிய்ந்தது. பயணிகள் பலர் காயமுற்றனர். அந்தப் பஸ் தன் வழக்கமான தடத்தைவிட்டு விலகி வந்திருந்தது. 1994 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரின் வெஸ்ட் ஸ்ட்ரீட் ரயில் பாலத்தில் நடந்தது இதைவிடக் கொடிது. சாரணச் சிறுமியர் சென்ற மாடி பஸ் மோதியதில் 5 பேர் மாண்டனர். அவர்களில் மூவர் சிறுமிகள்.

பிரிட்டனின் ரயில் பாலங்களில் வண்டிகள் மோதுவது ஆண்டொன்றுக்கு 1,500 தடவைக்கும் மேல்! பெரும்பாலானவை சரக்கு லாரிகள். ஆனால் லாரி மோதினால் நசுங்குவது பெட்டி. மாடி பஸ் மோதினால் நசுங்குவது முன்வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை.

பாலங்கள் ஏன் அத்தனை தாழ்வு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகள் பாதை போட்டபோது, கீழே போகவிருந்தவை குதிரை வண்டிகள். பாலத்தை உயர்த்தினால் இருபுறமும் மண்மேட்டை உயர்த்தவேண்டும். மண்ணுக்குப் பணம் வேண்டும். பங்குதாரர் பணத்தை மண்ணில் கொட்டுவானேன் என்று கருதினார்கள் போலும்! இன்று 16 அடி 6 அங்குலத்துக்குத் தாழ்ந்த பாலங்களுக்கு உயரப் பலகை வைக்கிறார்கள். மாடி பஸ்ஸின் உயரமோ பதினாலு, பதினாலரை அடி. பலகையில் 14 என்று கண்டால் நின்றுவிடவேண்டியதுதான்.

இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை சொன்னது கம்பெனி எஞ்சினியர்களின் மூளை. 1927-இல் லேலண்ட் கம்பெனி 'டைட்டன்' என்னும் மாடி பஸ்ஸை ஏறத்தாழ ஓரடி தாழ்த்திக் கட்டியது. எப்படித் தாழ்த்தினார்கள்? மேல்தளத்தின் நடைபாதையை நடுவிலிருந்து எடுத்து ஓர் ஓரத்தில் பள்ளமாகப் பதித்தார்கள். பக்கத்தில் நால்வர் அமரும் நீளப் பெஞ்சு. சன்னலோரம் இருப்பவர் இறங்கவேண்டுமானால் மூவர் எழுந்து வழிவிடவேண்டும். கடைசி ஆளிடம் காசு வாங்கக் கண்டக்டர் கையை நீட்டி எட்டவேண்டும். கீழ்தளத்திலோ, அந்தப் பள்ளத்துக்கு அடியில் அமர்ந்தவர் எழுந்தால் தலை இடிக்கும். ஆக, பாலத்தில் பஸ்ஸின் தலை இடிக்காதிருக்கப் பயணியின் தலை இடித்தது! நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போய்வந்த தொழிலாளி பல்லாண்டுக் காலம் இப்படிக் குனிந்தே பயணம் செய்தான்.

அவன் நிமிர்ந்து எழ வழி பிறந்தது பொதுத்துறையில். தனியார்துறையே திறமையின் தாயகம் என்று மேடைதோறும் முழங்குவோர் இதைக் கேட்கவேண்டும். போருக்குப்பின் தொழிற்கட்சி ஆட்சியில் போக்குவரத்து நாட்டுடைமை ஆனபோது, பிரிஸ்டல் பஸ் தொழிற்சாலையும் அரசின் வசம் வந்தது. அங்கே 1949-இல் 'லோடெக்கா' என்னும் பஸ்ஸை உருவாக்கினார்கள். பின்சக்கர அச்சின் நடுவைத் தாழ்த்தி, எஞ்சினிலிருந்து செல்லும் சுழல்தண்டை ஒருபுறமாக ஒதுக்கி, கீழ்தளத்தையே கீழிறக்கிவிட்டார்கள். உயரம் குறைந்தது. நடைபாதை இரு தளத்திலும் நடுவிலேயே இருந்தது. யார் தலையும் இடிக்கவில்லை. 5,000-க்கும் மேற்பட்ட லோடெக்காக்கள் ஓடின. நாட்டுடைமை நிறுவனங்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று அந்தத் தொழிற்சாலைக்குக் கட்டுப்பாடு இருந்தபடியால், பிறர் அதே அமைப்பை உரிமம் பெற்று 'லோலைன்' என்ற பெயரில் டென்னிஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ள நேர்ந்தது. பொதுத்துறையில் பிறந்த அறிவைத் தனியார்துறை காசு கொடுத்து வாங்கியது!

(பெவர்லி என்ற ஊரில் 1409-ஆம் ஆண்டுக் கோட்டைவாயில் ஒன்று உண்டு. அதனூடே நுழைவதற்கென்றே, வாயிலின் கூர்வளைவுக்கு ஒப்பக் கூரை குவிந்த மாடி பஸ்களைக் கட்டி ஓட்டினார்கள். வாயிலை இடிக்காமல் பஸ்ஸை வளைத்த அந்த ஊராரை எனக்குப் பிடிக்கும்.)

ஆனால் பஸ்ஸை எவ்வளவுதான் தாழ்த்தினாலும், தடம் வகுக்கும் வேலை தீர்ந்துவிடுமா? அந்த வேலை என்னவென்று பார்த்தால்தான் டிரைவர் தலையில் எவ்வளவு சுமத்துகிறோம் என்பது விளங்கும்.

பாலத்தின் உயரம் ஒரே எண் அல்ல. வளைவுப் பாலமானால் நடுவில் ஓர் உயரம், ஓரத்தில் வேறோர் உயரம். நடுக்கோட்டைப் பிடித்துப் போனால் பஸ் நுழையும். எதிரே ஒரு லாரி வந்து ஓரம் ஒதுங்கினாலோ மேல்தளத்தின் மூலை கல்லில் உரசும். சாலை ஒருபுறம் சரிந்திருந்தால் சக்கரத்தடியில் ஓர் அங்குலச் சரிவு, பதினாலு அடி உயரத்தில் சில அங்குலச் சாய்வாகிவிடும். பாலத்தடியில் சாலை பள்ளமாக இருந்தால், முன்சக்கரம் ஒரு மேட்டிலும் பின்சக்கரம் மறு மேட்டிலும் நிற்க, பஸ்ஸின் நடுக்கூரை பாலத்தை நெருங்கும். இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது புதுத் தார். சாலைக்குப் புதுத்தளம் போட்டால் தரை உயர்கிறது, பாலம் உயர்வதில்லை. நேற்று நுழைந்த பஸ் நாளை நுழையாது போகலாம். பலகையில் மட்டும் பழைய எண்ணே நிற்கும், யாராவது அளவுகோலோடு வந்து மீண்டும் அளக்கும்வரை!

ஆகவே புதுத் தடம் வகுக்குமுன் ஆளில்லாப் பஸ்ஸை ஓட்டிப் பார்க்கவேண்டும். பாலம் மட்டுமல்ல, மரக்கிளை, விளக்குக்கம்பம், கடைவிளம்பரம் அத்தனையையும் குறித்துக்கொள்ளவேண்டும். சாலை அடைபட்டால் எந்தச் சந்து வழியே திரும்பவேண்டும் என்பதையும் முன்னரே எழுதிவைக்கவேண்டும். ஏனெனில் அட்டவணைத் தடத்தில் பஸ் மோதுவது அரிது. தினமும் ஓடும் தடத்தில் எந்த டிரைவர் போய் முட்டுவான்? ஆபத்து காத்திருப்பது தடம் தவறும் இடத்தில்தான். சாலையைத் தோண்டிப்போட்டு மாற்றுவழி காட்டும் இரவிலும், பணிமனைக்குக் காலியாகத் திரும்பும் ஓட்டத்திலும், ஒற்றைத்தட்டு பஸ் பழுதாகி அதற்குப் பதில் மாடி பஸ்ஸை அனுப்பும் காலையிலும், வேறு பணிமனையிலிருந்து கடனாக வந்த டிரைவரின் முதல் நாளிலும்தான். இவற்றுள் எது டிரைவரின் முடிவு? எல்லாம் அலுவலகத்தின் முடிவுகள்!

பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள வண்டிகளுக்கு, டிரைவரின் கண்ணெதிரே உயரத்தை எழுதி வைக்கவேண்டும் என்று சட்டமுண்டு. நல்ல சட்டம். ஆனால் பழகாத சாலையில், மழையில், நேரம் பிந்திவிட்டதே என்ற பதற்றத்தில் இருப்பவனை அந்தச் சிறு அட்டை மட்டும் காப்பாற்றுமா? தடம் தவறித் தாழ்ந்த பாலத்தை நெருங்கினால் ஒலியெழுப்பும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றை வாங்கிப் பொருத்துவது டிரைவரின் சம்பளத்திலிருந்தா?

பிரிட்டனில் மட்டுமன்று, அமெரிக்காவிலும் இதே கதை. 2010 செப்டம்பரில் சிரக்யூஸ் நகரருகே வழி தவறிய 13 அடி மாடி பஸ் ஒன்று, 10 அடி 9 அங்குலப் ரயில் பாலத்தில் மோதி 4 பயணிகள் இறந்தனர். கூண்டில் நிறுத்தப்பட்டவர் டிரைவர். 2012-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

1930 முதல் பிரிட்டனில் ஒரு பஸ் தடத்துக்குப் போக்குவரத்து ஆணையரிடம் உரிமம் பெறவேண்டியிருந்தது. 1985-இல் தாட்சர் ஆட்சி சட்டத்தை மாற்றிற்று. 1986 அக்டோபர் 26 முதல், லண்டனுக்கு வெளியே, முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவுசெய்தால் எந்தக் கம்பெனியும் எந்தத் தடத்திலும் பஸ் விடலாம் என்றானது. மோதல்களுக்கெல்லாம் அதுவே காரணம் என்று சொன்னால் நேர்மையாகாது. அதற்கு முன்பும் பஸ்கள் மோதின. மேலே சொன்ன எக்கிள்ஸ் பஸ்ஸே, 2025 ஜனவரியில் மான்செஸ்டர் வட்டாரம் முழுதும் பஸ் தடங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரின் நிர்வாகத்துக்குத் திரும்பிய பிறகு மோதியதுதான்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இன்று அந்த ஊர்க்காரன் "என் தடத்தை வகுத்தது யார்?" என்று கேட்டு, வாக்குச் சீட்டோடு போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. 1986-க்குப் பிறகு, நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம், அவனுக்கு அந்த இடம் இல்லை.

தாழ்ந்த கூரையின் கணக்கு உயிரோடு மட்டும் முடிவதில்லை. கிழக்கு லண்டனைப் பாருங்கள். தேம்ஸ் ஆற்றின் மேற்கே பாலத்துக்குப் பாலம் மாடி பஸ்கள் கடக்கின்றன. கப்பல்துறைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்கில், டவர் பாலத்தைத் தாண்டினால், 2025 வரை ஆற்றைக் கடந்தது ஒரே ஒரு பஸ் தடம். எண் 108. அது செல்வது 1897-இல் திறந்த பிளாக்வால் சுரங்கம் வழியே. 1937-இல் அதற்கென்றே கூரையோரம் உள்வளைந்த மாடி பஸ்களைக் கட்டினார்கள். பிற்காலத்தில் ஒற்றைத்தட்டு பஸ்தான். 1967-இல் பக்கத்திலேயே உயரமான இரண்டாவது சுரங்கம் தோண்டினார்களே என்பீர்கள். தோண்டினார்கள், தெற்கே போவதற்கு! வடக்கே வருவது பழைய சுரங்கத்தில், 4 மீட்டர் வரம்புக்குள். மாடி பஸ் போகலாம், திரும்பி வரமுடியாது.

2025 ஏப்ரல் 7 அன்று சில்வர்டவுன் சுரங்கம் திறந்தது. தனியார் முதலீட்டில் கட்டியது; இரு சுரங்கங்களிலும் கார்களுக்கும் லாரிகளுக்கும் கட்டணம் விதித்தார்கள். அந்தக் கட்டணத்தைப்பற்றித் தனியே எழுதவேண்டும். ஆனால் பஸ்ஸுக்கும் கனரக வண்டிகளுக்கும் அதில் தனிப்பாதை உண்டு. ஒரு திசையில் மணிக்கு 6 பஸ் கடந்த இடத்தில் நெரிசல் நேரத்தில் 21 பஸ் என்று திட்டமிட்டார்கள். கிழக்கு லண்டன் தொழிலாளி மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் அமர்ந்தபடியே ஆற்றுக்கடியில் அக்கரை போகிறான், அதே வழியே திரும்பியும் வருகிறான்.