திரை பெருத்தது, எழுத்து இளைத்தது

போன் கடை விளம்பரங்களில் 6.7 இன்ச், 120 ஹெர்ட்ஸ், 50 மெகாபிக்சல் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். திரையின் குறுக்கே எத்தனை பிக்சல் என்பதை மட்டும் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது 720. பத்து வருடத்துக்கு முன்பும் அதே 720தான்.

அப்போது திரை 5 இன்ச். 720க்கு 1280 என்ற கணக்கில் இன்ச்சுக்கு 294 பிக்சல் வரும். இன்றைய 6.7 இன்ச் எச்டி பிளஸ் திரையில் 720க்கு 1600. கூடுதலாக வந்த 320 பிக்சலும் நீளத்துக்கே போய்விட்டது; அகலத்துக்கு ஒன்றுகூட இல்லை. இன்ச்சுக்கு 262தான் தேறுகிறது. அதே மாவில் பெரிய தோசை!

இது போதாதா? யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு விலகி நிற்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். போனை 12 இன்ச் தள்ளிப் பிடித்தால் இன்ச்சுக்கு 286 பிக்சல் இருந்தாலே புள்ளிகள் கலந்து ஒரே கோடாகத் தெரியும். 2010-ல் இன்ச்சுக்கு 326 பிக்சல் திரையோடு ஒரு போன் வந்தபோது '300 தாண்டினால் போதும்' என்று அதை அறிமுகம் செய்தவர் மேடையில் சொன்னதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான். 16 இன்ச் தள்ளினால் 215 போதும். 8 இன்ச்சுக்கு நெருங்கினால் 430 வேண்டும்.

கடைக்குப் போகும் அப்பாவுக்கு வயது நாற்பத்தைந்து. வெள்ளெழுத்து வந்தாயிற்று, கையை நீட்டிப் பார்த்து, "பளிச்சுனுதானே இருக்கு" என்று வாங்கிவிடுகிறார். அந்தத் தூரத்துக்கு அது உண்மையும்கூட. ஆனால் போன் போய்ச் சேருவது பிளஸ் டூ படிக்கும் மகளிடம். அவள் படுத்துக்கொண்டு மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் படிக்கிறாள்.

படிப்பதும் சினிமா இல்லை. டியூஷன் குரூப்பில் வந்த ஏ4 அளவு பிடிஎஃப் நோட்ஸ். எட்டேகால் இன்ச் அகலத் தாளை 720 பிக்சலுக்குள் சுருக்கினால், தாளின் ஓர் இன்ச்சுக்கு 87 பிக்சல்தான் மிஞ்சும். 10 பாயின்ட் எழுத்துக்கு மொத்தமே 12 பிக்சல் உயரம். அதற்குள் 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் வளைவும் என்ன ஆகும்? சுழி அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி சாம்பல் கறையாகி, 'பல்' 'பல' ஆகும். அதைக்கூட வாக்கியத்தை வைத்து ஊகித்துவிடலாம். இயற்பியல் நோட்ஸில் 10-க்கு மேலே பொடியாக ஏறி நிற்கும் அடுக்கை எப்படி ஊகிப்பது? 6 பாயின்ட் எழுத்துக்கு 7 பிக்சல். மைனஸ் 3-ல் அந்த மைனஸ் மங்கிப்போனால், விடை பத்து லட்சம் மடங்கு தப்பு. 1080 பிக்சல் அகலம் உள்ள திரையில் அதே அடுக்குக்குக் கிட்டத்தட்ட 11 பிக்சல் கிடைக்கும்; கோடு கோடாக நிற்கும்.

பெரிதாக்கிப் படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம், வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிக்கொண்டே. பிக்சல் குறைந்தால் பேட்டரி மிச்சம், பிராசசருக்குச் சுமை குறைவு என்பதும் சரிதான்.

எண்ணைத் துரத்திக்கொண்டே போவதிலும் அர்த்தமில்லை. 2015-ல் இன்ச்சுக்கு 806 பிக்சலோடு ஒரு போன் வந்தது. பெரும்பாலான நேரம் அதுவே 1080-ல்தான் காட்டியது. அமோலெட் திரைகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பலவற்றில் பச்சைப் புள்ளிகளின் எண்ணிக்கையில் பாதி பாதிதான் சிவப்பும் நீலமும் இருக்கும். இன்ச்சுக்கு 400 பிக்சல் வரும்போது அந்தக் குறை கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த போட்டோ நோட்ஸை எந்தத் திரையாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனில் அருவியும் கிளியும்தான் ஓடிக்கொண்டிருக்கும். அசையும் படத்தில் 720-க்கும் 1080-க்கும் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நோட்ஸில் ஒரு பக்கத்தை அந்தப் போனில் திறந்து, பெரிதாக்காமல், அவள் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் பிடித்து ஒரு சமன்பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். விற்பனைப் பையன் அவசரப்படுத்துவான். படுத்தட்டும்.