வானத்து உலோகமும் காந்தப் புயலும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு எரிநக்ஷத்திரம் புதிதல்ல. கண் இமைக்கும் நேரத்தில் அது மறைந்து விடுகிறது. ஆனால் அதன் கதை அத்துடன் முடிவதில்லை. உஷ்ணத்தினால் ஆவியான இரும்பும் மக்னீஷியமும் ஸோடியமும் அணு அணுவாய்ப் பிரிந்து, பூமிக்கு மேல் சுமார் 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலங்களாகத் தங்கி விடுகின்றன.

எவ்வளவு மெல்லியவை? உலகம் முழுவதையும் சூழ்ந்துள்ள அந்த ஸோடிய அணுக்களை ஒன்று திரட்டினாலும் ஒரு டன் தேறாது. கம்பத்திலிருந்து சந்தைக்குப் புறப்படும் ஒரு லாரித் திராட்சை அதைவிடக் கனமானது! ஆயினும் இரவு வானத்தில் அவை உமிழும் மஞ்சள் ஒளியை, அமெரிக்க வானநூல் அறிஞர் ஸ்லைபர் 1929-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

இப்படலங்கள் மீது காந்தப் புயல் வீசினால் என்ன ஆகும்? சூரியனிடமிருந்து பாய்ந்து வரும் மின்துகள்களால் பூமியின் காந்த மண்டலம் நிலைகுலைவதையே காந்தப் புயல் என்கிறோம். 1859 செப்டம்பரில் நிகழ்ந்த பெரும் புயலைப் பம்பாய்க் கொலாபா நிலையத்துக் கருவிகள் பதிவு செய்தன. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கைச் சேர்ந்த ஹான்லேயின் வானம் சிவந்து ஒளிர்ந்தது.

துருவப் பிரதேசங்களில் அத்துகள்கள் நேரே காற்றில் வந்து மோதுகின்றன. மின்னேற்றம் பெற்ற காற்று மூலக்கூறுகள் ஸோடிய அணுவிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக் கொள்கின்றன. அணு அயனியாகிறது, ஸோடியப் படலம் மெலிகிறது. நார்வே நாட்டின் டிரோம்ஸோவில் லேஸர் ஒளியைப் பாய்ச்சி இதைக் கண்டிருக்கிறார்கள்.

அந்த அனுபவத்தை அப்படியே தேனிக்குப் பொருத்தலாமா? கூடாது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இங்கே பூமியின் காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுக்கையாக இருப்பதால், துருவத்தைப் போல் துகள்கள் அவற்றின் வழியே இறங்குவதில்லை. ஆனால் புயலின் மின்புலம் துருவத்திலிருந்து சில நிமிஷங்களிலேயே இங்கு எட்டி விடுகிறது. பகற்பொழுதில் நம் தலைக்கு மேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னாறு அதனால் பெருகவும் கூடும். திசை மாறவும் கூடும். மேற்பகுதியிலுள்ள உலோக அயனிகளைச் சில நூறு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் சக்தியும் இந்த மின்புலத்துக்கு உண்டு. அங்கே அணு குறைகிறது. இங்கே அயனி இடம் பெயர்கிறது. புயல் ஒன்றுதான், விளைவோ வேறு.

இது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. இந்த மின்மண்டலம் கலங்கினால் சிற்றலை ரேடியோ தடுமாறுகிறது. கடலில் செல்லும் படகுக்கும் ஆகாய விமானத்துக்கும் வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் கணக்கும் பிசகுகிறது.

ஆகவே நமது வானத்தை நாமே அளந்தாக வேண்டும். பெரியகுளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோடைக்கானல் மலையில், நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை நோக்கி வருகிறார்கள். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ரேடியோ அலைகளால் மேல்வானத்துக் காற்றை அளந்திருக்கிறார்கள். திருப்பதிக்கு அருகிலுள்ள காடங்கியில் லேஸர் கொண்டு ஸோடியப் படலத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த மூன்று அறிவும் ஒன்று சேரும்போதுதான் நம் தலைமேல் நடப்பது நமக்கு விளங்கும். அப்பணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிகளிலிருந்தும் இளைஞர்களும் யுவதிகளும் புறப்பட வேண்டும்.