பழைய கணினிக்குப் பொருத்தமான வன்தட்டுக் கட்டுப்படுத்தி

நம்மில் பலரது வீடுகளில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேற்பட்ட கணினியொன்று இருக்கும். மூத்தவர்களின் பாடக் குறிப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் அதிலேதான் இருக்கும். கணினியின் உறுப்புகளுள் ஓயாமல் சுழல்வது வன்தட்டு. ஆகவே அது விரைவில் தேய்வதில் வியப்பில்லை. புதிய வன்தட்டு வாங்கிவந்தால், மிகப் பழைய தாய்ப்பலகையில் அதன் வயரைச் செருக இடமே இல்லாதிருக்கலாம். இவ்விரண்டையும் இணைத்துவைப்பதுதான் கட்டுப்படுத்தி அட்டை.

வன்தட்டு ஒரு நூலகம் என்றால், கட்டுப்படுத்தி அதன் நூலகர். கணினி கேட்கும் தகவல் எந்த இடத்தில் உள்ளதென்று அறிந்து, எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வைப்பதும் அதன் வேலை. அட்டை வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எந்தச் செருகுதுளை உள்ளது? 2004ஆம் ஆண்டுக்கு முந்திய தாய்ப்பலகைகளில் பீ.சீ.ஐ. துளைகளே இருக்கும். இவை ஏறக்குறைய எட்டரை சென்ரிமீற்றர் நீளமானவை, பெரும்பாலும் வெண்ணிறமானவை. இன்று அதிகம் விற்பனையாகும் பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டைகள் இவற்றில் பொருந்தா. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறுவோர் பலர்.

இரண்டாவது, வன்தட்டு எந்த வகை? பழைய ஐ.டி.ஈ. தட்டில் 40 ஊசிகள் கொண்ட அகன்ற பட்டி வயர் இருக்கும். 2003இல் அறிமுகமான சாட்டா வகையில் ஏழு தொடுகைகள் மட்டுமுள்ள மெல்லிய வயர் உண்டு. சாட்டா தட்டுக்கு மின் இணைப்பும் வேறானது. பழைய மின்வழங்கியில் அது இல்லையெனில், மாற்று வயரொன்றும் தேவைப்படும்.

மூன்றாவது, கொள்ளளவு எவ்வளவு? மூன்று இலக்கப் பதிவேடு வைத்திருக்கும் நூலகர் ஆயிரம் நூல்களுக்கு மேல் இலக்கமிட முடியாதல்லவா? பழைய கணினிகள் வன்தட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 28 பிற்று இலக்கம் கொடுத்தன. ஒரு பகுதியில் 512 பைற்றுகள். கணக்கிட்டால் ஏறக்குறைய 137 கிகாபைற்றுகளே எட்டும். அதற்கு அப்பாலுள்ள இடம் கணினியின் கண்ணுக்குத் தெரியாது. பின்னர் 48 பிற்று முறை வந்தது. இம்முறையை அறிந்த, தனக்கென பயோஸ் சில்லு கொண்ட அட்டையைத் தெரிவு செய்தால் தாய்ப்பலகையின் இந்த எல்லையைக் கடக்கலாம். எனினும் 32 பிற்று விண்டோஸ் எக்ஸ்பி பாவிப்போர் 2 டெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டை வாங்காதிருப்பதே நல்லது.

நான்காவது, பணிசெயல் முறைமை அந்த அட்டையை அறியுமா? அட்டையுடன் பேசுவதற்கு டிரைவர் எனும் சிறு மென்பொருள் தேவை. உங்கள் முறைமைக்குரிய டிரைவர் உள்ளதா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். எக்ஸ்பியைப் புதிய தட்டில் நிறுவுவதாயின், தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி நெகிழ்வட்டிலிருந்து டிரைவரைக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய தட்டு இன்னும் இயங்கினால் இலகுவான வழியுண்டு: முதலில் அட்டையை மட்டும் பூட்டி டிரைவரை நிறுவுங்கள், பிறகு புதிய தட்டை இணையுங்கள்.

இனி வேகம். பீ.சீ.ஐ. துளைகள் யாவும் சேர்ந்து செக்கனுக்கு 133 மெகாபைற்றுகளையே கடத்தும். ஆகவே அதிவேகத் தட்டுக்கென அதிக பணம் கொடுப்பதில் பயனில்லை. தொடக்ககாலச் சாட்டா சில்லுகள் சில, பின்வந்த வேகமான தட்டுகளைக் கண்டுகொள்வதில்லை. அந்நேரம் தட்டின் பின்புறமுள்ள ஊசிகளில் ஜம்பர் எனும் சிறு மூடியைப் பொருத்தி, வேகத்தை 1.5 கிகாபிற்றுக்குக் குறைக்கலாம். எல்லாத் தட்டுகளிலும் இவ்வசதி இல்லை.

கடைக்குப் போகுமுன் கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, செருகுதுளைகளையும் வயர்களையும் தொலைபேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். அதற்கும் முன்பாக, பழைய தட்டிலுள்ளவற்றைப் பிரதிசெய்து வேறிடத்தில் வையுங்கள். அட்டையைத் திரும்பவும் வாங்கலாம். மூத்தம்மாவின் புகைப்படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலுடன் முடிந்துவிட்டது. அக்கணினியை இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். வீண்விரயம் நமது மார்க்கம் வெறுக்கும் ஒன்று. உழைக்கக்கூடிய பொருளை எறிவது மட்டுமல்ல, பொருந்தாத பொருளை வாங்குவதும் விரயமே.