கைப்பேசியில் களையெடுத்தல்

பயிருக்கு இட்ட உரத்தைக் களையும் உண்ணும். ஆதலின் உழவன் களையெடுக்கத் தவறான். கைப்பேசியில் உள்ள வேண்டாத செயலிகளும் அத்தகைய களைகளே. அவை சேமிப்பிடத்தை அடைத்துக்கொள்ளும். அவற்றுட் சில, திறவாதபோதும் இயங்கி மின்கலத்தின் ஆற்றலைக் குறைக்கும். முன்னர் இசைவு பெற்றிருப்பின், உடையவர் இருக்கும் இடத்தையும் அறிந்துகொள்ளும்.

திரையில் தோன்றும் குறியை மட்டும் அகற்றுதல், களையின் நுனியைக் கிள்ளுதல் போன்றது. செயலி உள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘அமைப்புகள்’ என்னும் பகுதிக்குச் சென்று, செயலியைத் தேர்ந்து, ‘நிறுவல் நீக்கு’ என்பதைத் தொடுதலே அதனை வேரோடு களையும் முறையாகும். கருவியுடன் வந்த செயலிகள் சில, இயங்குதளம் உள்ள பகுதியிலேயே பதிந்திருத்தலின், எளிதில் நீங்கா. அவற்றுட் பலவற்றை ‘முடக்கு’ என்பதனால் இயங்காது நிறுத்தலாம்.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11, நெடுநாள் திறவாத செயலிக்கு அளித்த இசைவைத் தானே மீட்டுக்கொள்ளும் வசதியைத் தந்தது. ஆயினும், செயலியை நீக்குதல் உடையவர் கடமையே.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. செயலி நீங்கினும், அதன் நிறுவனத்திடம் தொடங்கிய கணக்கு நீங்குவதில்லை. மாதந்தோறும் கழியும் கட்டணமும் தானே நிற்பதில்லை. ஆதலின், முதலிற் கட்டணத்தை நிறுத்தி, அடுத்துக் கணக்கை மூடி, இறுதியிற் செயலியை நீக்குதலே அறிவுடைமையாம்.