விட்டுப் போனவனின் இடம்

ஒரு கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி பந்தயத்தில் தோற்றுவிட்டு ஊர் திரும்பும்போது, அதன் தோல்விக்குரிய காரணம் பையன்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பாகவே ஊராரால் நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் மாலை வேளையில் காது கொடுத்தால் மூன்று தீர்ப்புகள் கேட்கும்: "பசங்களுக்கு அக்கறை பத்தலைங்க", "கோச் சரியில்லை", "போன வருஷத்து டீம் மாதிரி வருமா?" முதலிரண்டும் யாரையாவது கூண்டில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தவை. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயினும் அதைச் சொல்பவர் ஒரு பெருமூச்சோடு டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறாரே தவிர, போன வருஷத்து அணியில் இருந்து இந்த வருஷத்து அணியில் இல்லாமற்போனது எது என்று யோசித்துப் பார்ப்பதில்லை.

கபடியும் கைப்பந்தும் செல்வாக்குப் பெற்ற நம் பக்கத்தில் கூடைப்பந்தாட்டத்தின் ஒரு சூட்சுமம் எளிதில் கண்ணில் படாமலிருப்பது இயல்பே. கபடியில் பாடிப் போகிறவன் ஒருவன் பலசாலியாக அமைந்துவிட்டால், மற்றவர்கள் சுமாராக இருந்தும் ஆட்டத்தைக் கொஞ்ச நேரமாவது இழுத்துக்கொண்டு போய்விடலாம். கூடைப்பந்தாட்டத்திலோ, 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேரே நிற்கிறார்கள். பந்து கையில் இருப்பவன் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும், பந்து கையில் இல்லாத நால்வரும் எங்கெங்கே நிற்கிறார்கள், எதிரிகளில் எத்தனை பேரைத் தம்மிடம் இழுத்து வைத்திருக்கிறார்கள் என்பதே அவனால் என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தையே எடுத்துக்கொள்ளலாம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்திலும் கட்டடத்துக்குள்ளே ஆடத் தக்க விளையாட்டு ஒன்று வேண்டுமென்று பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி வைத்தவர் அவர். நைஸ்மித் பிற்பாடு கான்ஸாஸ் சர்வகலாசாலையின் முதல் பயிற்சியாளராக இருந்து நடத்திய ஆட்டங்களில் வெற்றி 55, தோல்வி 60. அந்தச் சர்வகலாசாலையின் ஆடவர் அணியை வழிநடத்தியவர்களில், வென்றதைக் காட்டிலும் அதிகமாகத் தோற்றவர் ஆட்டத்தை உண்டாக்கியவர் ஒருவரே. ஆட்டத்தை அறிந்திருப்பது வேறு, அணி அமைவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைப்பது துர்லபம்.

இனி, கல்லூரிக் கூடைப்பந்தாட்ட வரலாற்றிலேயே மிகப் பெரிய ஏமாற்றங்களில் ஒன்றாகப் பேசப்படுகிற ஒரு பருவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மைக்கேல் ஜோர்டான் படித்த நார்த் கரோலினா சர்வகலாசாலையின் அணி, 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி தேசிய இறுதியாட்டத்தில் அதே கான்ஸாஸை எதிர்த்து ஆடி, பாதி ஆட்டத்தில் 40-க்கு 25 என்று முன்னணியில் இருந்தும், முடிவில் 72-க்கு 69 என்று தோற்றது. முதன்மையான ஐவரில் நால்வர் படிப்பை முடித்துப் போகாமலும் தொழில்முறை ஆட்டத்துக்குத் தாவாமலும் மறு வருஷம் திரும்பி வந்தார்கள். கோப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர்கள் நால்வர் ஒருங்கே மீண்டும் கிடைப்பது கல்லூரி அணிகளில் அபூர்வமாகையால், பருவம் தொடங்குமுன் பத்திரிகையாளர்கள் வாக்களித்து இந்த அணிக்கே முதலிடம் கொடுத்தார்கள். நடந்ததோ வேறு. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமாகப் பத்து நாளில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் தோற்று, முதல் 25 அணிகளின் பட்டியலிலிருந்தே அது வெளியேறியது. பருவ முடிவில் 20 வெற்றி, 13 தோல்வி என்று நின்று, 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் இடம் பெறாமற் போயிற்று. அந்தப் போட்டி 1985-ல் 64 அணிகளுக்கு விரிவாக்கப்பட்டதிலிருந்து, முதலிடத்தில் வைத்து எண்ணப்பட்ட ஓர் அணி உள்ளேயே நுழைய முடியாமற் போனது அதுவே முதல் தடவை.

நால்வர் திரும்பி வந்தார்கள் என்றே எல்லோரும் பேசினார்கள். திரும்பி வராத ஐந்தாமவன் பிரேடி மானெக். ஓக்லஹோமாவிலிருந்து ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போன நெட்டையன். அணியின் நட்சத்திரம் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. ஆனால் கூடையிலிருந்து 6.75 மீட்டருக்கு அப்பாலுள்ள வளைகோட்டுக்கு வெளியே நின்று அவன் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு நாற்பது உள்ளே விழுந்தன. கோட்டுக்கு வெளியிலிருந்து விழுகிற பந்துக்கு மூன்று புள்ளி என்பதால், அவனை ஒரு கணமும் தனியே விடமுடியாது. எதிரணியின் உயரமான காவலன் ஒருவன் கூடையடியை விட்டு விலகி, அவனோடேயே வெளியில் போய் நின்றாக வேண்டும். அப்படி ஒருவன் வெளியே இழுக்கப்பட்ட மாத்திரத்தில், கூடைக்கு அடியில் ஆடுகிற அர்மாண்டோ பேகாட் என்னும் பலசாலிக்கு ஒரே ஒரு காவலனைச் சமாளித்தால் போதும் என்ற நிலை ஏற்படும். ஓரத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாயும் கேலப் லவ்வுக்கும் ஆர்.ஜே. டேவிஸுக்கும் நடுவழி திறந்து கிடக்கும். மானெக் பந்தைத் தொடாமலே மற்ற மூவருக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். புள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இந்த உபகாரத்துக்கு ஒரு கட்டமும் கிடையாது; அதனாலேயே அவன் போனபோது எது போயிற்று என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அவனுடைய இடத்துக்கு நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையிலிருந்து பீட் நான்ஸ் வந்து சேர்ந்தான். அவனும் உயரமானவன், கெட்டிக்காரன், அனுபவசாலி. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள்: கோப்பைக்குக் காது ஒட்டும்போது, கோப்பையின் ஈரப்பதமும் காதின் ஈரப்பதமும் ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டும் தனித்தனியே குற்றமற்றவையாக இருந்தும், உலரும்போது ஒட்டிய இடத்தில் விரிசல் கண்டுவிடும். ஒரு முறையில் ஆடிப் பழகிய நால்வரோடு வேறொரு முறையில் பழகிய ஒருவனைச் சேர்த்தபோது நேர்ந்ததும் இதுதான். மானெக்கைப் போல் வெளியே இழுப்பவன் இல்லாததால், எதிரணிக் காவலர்கள் தைரியமாகக் கூடையடியிலேயே தங்கிவிட்டார்கள். பேகாட்டை இருவர் நெருக்கினார்கள். வழி அடைபட்ட லவ்வும் டேவிஸும் மேலும் மேலும் தூரத்திலிருந்தே எறியலானார்கள்.

அந்த வருஷம் அணி முழுவதும் சேர்ந்து தூரத்திலிருந்து எறிந்ததில் உள்ளே விழுந்தது நூற்றுக்கு 31 அளவுதான். காகிதத்தில் இந்த வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஓர் ஆட்டத்தில் இருபது முறை எறிவதாக வைத்துக்கொண்டால், நூற்றுக்கு நாற்பது விழுகிறவனுக்கு எட்டுக் கூடை, 24 புள்ளி. நூற்றுக்கு முப்பத்தொன்று விழுகிற அணிக்கு ஆறு கூடை, 18 புள்ளி. ஆறே புள்ளி! பிட்ஸ்பர்க் அணியிடம் ஒருமுறை 76-க்கு 74 என்றும், மறுமுறை 65-க்கு 64 என்றும் தோற்ற, அலபாமாவிடம் ஐந்து நிமிஷக் கூடுதல் பகுதிகள் நான்கை ஆடித் தீர்த்த பிறகு 103-க்கு 101 என்று தோற்ற ஓர் அணிக்கு, அந்த ஆறு புள்ளியின் அருமை எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மோசமான பருவம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, ஒன்றிரண்டு கூடைகள் இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்த கதையே.

இதற்கு மேல் காயமும் சேர்ந்துகொண்டது. 2023 ஜனவரி 10-ஆம் தேதி வர்ஜீனியா அணியோடு ஆடியபோது ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள்ளேயே பேகாட்டின் கணுக்கால் பிசகி, அவன் வெளியே வந்துவிட்டான். அந்த ஆட்டமும் போயிற்று. முந்தின வருஷம் அந்த ஐவரையே ஏறக்குறைய முழு நேரமும் ஆடவிட்டு இறுதியாட்டம் வரை வந்த அணி அது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் களத்தில் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. வென்ற வருஷத்தில் இதை உறுதி என்று புகழ்ந்தவர்களே, தோற்ற வருஷத்தில் தொலைநோக்கில்லாமை என்று பழித்தார்கள்.

தன்னம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு காரணம் சொல்லுவார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தூரத்திலிருந்து எறிந்த பந்து நான்கு முறை வளையத்தில் பட்டுத் தெறித்தால், ஐந்தாம் முறை கை சற்றுத் தயங்குவது மனித சுபாவம்; அந்தத் தயக்கம் தோல்வியிலிருந்து பிறந்ததேயொழிய, தோல்வி அதிலிருந்து பிறந்ததென்று சொல்லுவதற்கில்லை. தோற்பதெல்லாம் ஏமாற்றமும் அல்ல; ஏமாற்றம் என்பதே எதிர்பார்ப்பைப் பொறுத்த விஷயம். விஞ்ஞானப் படிப்புக்குப் பேர்போன கால்டெக் கல்லூரி அணி, தன் வட்டாரத்து அணிகளோடு ஆடிய லீக் ஆட்டங்களில் 1985-லிருந்து 310 முறை தொடர்ச்சியாகத் தோற்று, 2011 பிப்ரவரியில் ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-க்கு 45 என்று வென்று மூச்சுவிட்டது. இருபத்தாறு வருஷத் தோல்வி. ஆனால் அதில் எந்த ஒரு வருஷத்தையும் ஏமாற்றமான பருவம் என்று யாரும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக் கல்லூரிகளின் நிலைமை இன்னும் விசித்திரமானது. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பக்கம் விருத்தாசலத்துக்கும் மறுபக்கம் உளுந்தூர்பேட்டைக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பையன், சாயங்காலம் பயிற்சிக்கு நின்றால் பஸ்ஸைக் கோட்டைவிட வேண்டும். பஸ்ஸைப் பிடித்தால் பயிற்சியைக் கோட்டைவிட வேண்டும். பருவம் என்று சொல்லிக்கொள்ளத் தக்க நீண்ட காலமும் அவனுக்கு இல்லை. கல்லூரிகளுக்கிடையே நடக்கிற போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் போய் இறங்கி, முதல் ஆட்டத்தில் தோற்றால் மாலையில் திரும்பிவிட வேண்டியதுதான். தன் குறை இன்னதென்று தெரிந்துகொள்ள நார்த் கரோலினாவுக்கு 33 ஆட்டங்கள் கிடைத்தன. இவனுக்கு 40 நிமிஷம் கிடைக்கிறது. பட்டப்படிப்போ மூன்றே வருஷம். முதல் வருஷத்தில் கற்றுக்கொண்டு, இரண்டாம் வருஷத்தில் தேறி, மூன்றாம் வருஷத்தில் அவன் அணிக்குப் பயன்படத் தொடங்குகிறபோது கடைசி செமஸ்டர் வந்துவிடுகிறது. நன்றாக வளர்ந்த பையன் ஒருவன் பள்ளியிலேயே கண்ணில் பட்டால், கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் கொடுத்துச் சென்னை, கோயம்புத்தூர்க் கல்லூரிகள் அழைத்துக்கொண்டு போய்விடுகின்றன. அது பையனுக்கு நல்லதே; ரயில்வேயிலோ இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலோ ஆடி உத்தியோகம் பெறுகிற வழி அங்கிருந்துதான் திறக்கிறது. ஆனால் அவன் பள்ளியில் கூட ஆடிய நால்வர் இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து, அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொருவனை நிறுத்தி ஆடித் தோற்கும்போது, அக்கறை போதாது என்ற தீர்ப்பு அந்த நால்வர் தலையில் விழுகிறது.

அமெரிக்காவிலும் 2021 முதல் இந்தப் போக்குவரத்து பெருகிவிட்டது. ஒரு சர்வகலாசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிற ஆட்டக்காரன் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டுமென்ற பழைய விதி தளர்ந்தது. தன் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்க அனுமதியும் கிடைத்தது. அந்தத் தோல்விப் பருவம் முடிந்ததும், நூற்றுக்கு முப்பதுகூட விழாத கை என்று அதிகமாகப் பழிக்கப்பட்ட கேலப் லவ் அரிஸோனாவுக்கு மாறினான். மறு வருஷமே பசிபிக் வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரன் என்று அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வருஷம் நார்த் கரோலினா, எல்லோரும் பழித்த அதே பயிற்சியாளர் ஹூபர்ட் டேவிஸின் கீழ், புதிதாகச் சேர்ந்தவர்களோடு 29 ஆட்டங்களில் வென்றது. லவ் இல்லாத இடத்தில் ஆர்.ஜே. டேவிஸ் தன் வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரனாக வந்தான். 2024 மார்ச் 28-ஆம் தேதி இரவு, இரண்டு அணிகளும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே அரங்கத்தில் தனித்தனியே தேசியப் போட்டியில் ஆடின. அரிஸோனா கிளெம்ஸனிடம் 77-க்கு 72 என்று தோற்றது. லவ் தூரத்திலிருந்து எறிந்த ஒன்பதில் ஒன்றும் விழவில்லை. நார்த் கரோலினா தோற்றது, நான்கு கூடுதல் பகுதிகள் ஆடித் தன்னை முன்பு வென்ற அதே அலபாமாவிடம், 89-க்கு 87 என்று. இம்முறையும் இரண்டே புள்ளியில்.