மணற்கல்லின் உள்வெளி

கல்லில் நாருரித்தலை ஆகாத காரியத்துக்கு உதாரணமாக வகுப்பிற் பன்முறை கூறியுள்ளோம். 2011 ஆம் ஆண்டில் மன்னார்க் கடலின் அடியிலே கல்லினுள் எரிவாயு கண்டனர் என்ற செய்தி எமது உதாரணத்தைச் சற்றே அசைத்துவிட்டது.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலைச் சிறிது தோண்ட நீர் ஊறும். வவுனியாவின் கருங்கல்லிலோ வெடிப்பு அகப்பட்டாலன்றிக் கிணறு பயன்படாது. மணலின் மணிகளிடையே வெளி உண்டு. கருங்கல்லில் அஃது இல்லை. மணற்கல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கெய்ன் லங்கா நிறுவனம் துளைத்த ‘டொராடோ’ கிணற்றில், 1,354 மீற்றர் கடலையும் கடந்து, ஏறக்குறைய 3,044 முதல் 3,069 மீற்றர் வரை ஆழத்திலுள்ள மணற்கல்லிலேயே வாயு இருந்தது.

தளர்ந்த மணலில் நூற்றுக்கு நாற்பது பங்களவு வெளியே. கொத்தைக் குலுக்க நெல் அமருமாப்போல, மேற்படைகளின் பாரத்தால் மணிகள் நெருங்கி அவ்வெளி குறையும். வெப்பம் செய்வது வேறு. நிலத்தினுள் ஒரு கிலோமீற்றர் இறங்க 25 முதல் 30 பாகை வரை வெப்பநிலை ஏறும். எண்பது பாகையளவைக் கடந்தபின், மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்திற் படிகக்கல் மெல்லக் கரைந்து, அயலிலுள்ள வெளியிற் சாந்துபோற் படியும். அமுக்கத்தால் ஒடுங்கியது பாரம் நீங்கச் சிறிது மீளும், சாந்தடைத்தது மீளாது.

அத்துணைக் கடலும் அழுத்தக் கல் நொறுங்காதோ எனலாம். நொறுங்காது. கடலின் அமுக்கம் மணிகளிடையேயுள்ள நீரிலும் வாயுவிலும் நின்று மணிகளை உள்ளிருந்தே தாங்குகின்றது. மணிகள் சுமப்பது, மொத்தப் பாரத்திலிருந்து அவ்வுள்ளமுக்கத்தைக் கழித்த மிச்சத்தையே.

இடர் வாயுவை எடுக்கும்போதே தோன்றும். உள்ளமுக்கம் குறைய, அதுவரை வாயு தாங்கிய சுமையும் மணிகள்மேல் விழும். வெளிகளை இணைக்கும் ஒடுங்கிய கழுத்துகள் அப்போது இறுகும். வெளி சிறிதே குறைந்தாலும் வாயு பாயும் வேகம் பெரிதுங் குறையலாம். நிலத்தடியில் எவ்வளவு உண்டு என்பதும் எவ்வளவு கைக்கு வரும் என்பதும் ஒன்றல்ல.

மேலே கொணர்ந்த கல்லுருளையை மேசையில் வைத்து அளப்பதும் ஏமாற்றும். பாரம் நீங்கிய கல் சற்று விரிந்து, மயிரிழை வெடிப்புகள் வாய்திறந்திருக்கும். உள்ளதினும் தாராளமாக வாயுவை விடும். ஆதலால் ஆய்வுகூடத்தார் அதனை இறப்பர் உறையிலிட்டு, புறத்தே எண்ணெயால் அமுக்கி, வேண்டியவிடத்து ஆழத்திலிருந்த வெப்பநிலைக்குச் சூடேற்றியும் அளக்கின்றனர்.